அண்ணாவின் பெயரில் கிடைத்த பள்ளிக்கூடம்

மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடிக்குக் காலையில் இரண்டு மஞ்சள் பேருந்துகள் வரும். முதலில் வருவது சின்னது. அது தெருமுனையில் நிற்காது. நேரே எங்கள் வாசலுக்கு வந்து, பனிக் குவியலை ஒட்டி நின்று கதவைத் திறக்கும். சாரதி ஒரு ஹெயிட்டிப் பெண்மணி. அண்ணாவின் பெயரைப் பாட்டுப் பாடுவதுபோல் இழுத்துக் கூப்பிடுவார். அண்ணா கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் யாரையும் பார்க்காமல் ஏறிவிடுவார். ஏறினாலும் கண்ணாடியோரம் இருக்க மாட்டார், நடுவில் போய்க் குனிந்து இருப்பார். அது போன பிறகு வரும் பெரிய பேருந்துக்குத் தெருமுனைவரை நடந்துபோய் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் இடத்துக்குச் சண்டை, பாட்டு, கூச்சல். நான் அதில்தான் போவேன். அண்ணாவை மட்டும் வாசலுக்கே வந்து ஏற்றிப் போகிறார்களே என்று ஏழு வயதில் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பெரிய பேருந்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்ததே சின்னப் பேருந்தில் அண்ணாவுக்கு ஓர் இடம் கொடுக்கப்பட்டதால்தான் என்பது விளங்க எனக்குப் பல வருடங்கள் சென்றன.

அப்பா எங்களுக்கு முன்பே கனடாவுக்கு வந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, பிறகு எங்களைக் கூப்பிட்டவர். அம்மாவும் அண்ணாவும் நானும் மொன்றியலில் வந்திறங்கியது இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய ஒரு மாசி மாதத்தில். எனக்கு ஐந்து வயது, அண்ணாவுக்கு ஒன்பது. அண்ணாவின் சிறுபராயம் முழுவதும் இடப்பெயர்வுதான். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி, அங்கிருந்து கிளிநொச்சி, பிறகு மல்லாவி. ஒரு வகுப்பை ஒரே பள்ளிக்கூடத்தில் தொடங்கி முடித்த ஆண்டு அவருக்கு இருந்ததேயில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கும் நேரத்தில் மூட்டை கட்ட வேண்டி வரும். வீட்டுக்குள் நன்றாகக் கதைப்பார். என்னைச் சிரிக்க வைப்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் போல நடந்து காட்டுவார். வெளியாட்கள் முன்னால் அவருடைய வாய் பூட்டிக்கொண்டுவிடும். கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பதென்றால் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். ஆங்கிலப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன, அவற்றை நடத்தத் தனியான பாடசாலைச் சபைகளும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் தாயோ தகப்பனோ கனடாவில் ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான் அவற்றில் இடம். ஆகவே என்னைப் பிரெஞ்சுப் பாலர் வகுப்பில் சேர்த்தார்கள். அண்ணாவை, புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மொழி பழக்கும் வரவேற்பு வகுப்பில் சேர்த்தார்கள். நான் ஒரு கோடைக்குள் பிரெஞ்சில் சண்டை பிடிக்கப் பழகிவிட்டேன். அண்ணா ஓராண்டு கழிந்தும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. கொப்பியில் எழுத்துகளை அழகாகப் பார்த்து எழுதுவார். வாசிக்கச் சொன்னால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியிருந்தால் மேலதிகாரிகளே அவரிடம் வருவார்களாம். மொன்றியலில் சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றினார். வேலை முடிந்து பிரெஞ்சு வகுப்புக்குப் போய் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார். அண்ணாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிடும் நாட்களில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவார், திரும்பி வந்து அதைக் கழற்றாமலே நாற்காலியில் இருப்பார். "பிள்ளையள் படிக்கிற இடத்தில நான் ஊமையா இருக்கிறன்" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ரொறன்ரோவில் இருந்த பெரியப்பாவின் பிள்ளைகள் தொலைபேசியில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார்கள். என்றைக்காவது நாங்களும் அங்கே போய்விட வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். அதற்குப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும்.

அப்பாவோடு வேலை செய்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். ஊர்ச் சனத்துக்கு அரசாங்கக் கந்தோர் அலுவல்கள் பார்த்துக் கொடுப்பவர், சட்டங்களை விசாரித்து வைத்திருப்பவர். அவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்.

"அண்ணை, சட்டத்தில ஒரு விலக்கு இருக்கு. படிப்பில பெரிய கஷ்டம் உள்ள பிள்ளையை, டொக்டர்மார் பாத்து எழுதிக் குடுத்தால், இங்கிலிஷில போடலாம்."

"அது பெரியவனுக்குச் சரி" என்றார் அப்பா.

"ஒராளுக்குக் குடுத்தால் கூடப் பிறந்ததுகளுக்கும் குடுக்கலாம் எண்டு இருக்கு. ஒரு குடும்பத்துப் பிள்ளையளைப் பிரிக்கக்கூடாது எண்டுதான்."

ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன். சிரமப்படுகிற ஒரு பிள்ளைக்கு வீட்டில் பழக்கமான மொழியில் படிக்க வழி இருக்க வேண்டும், அவனுடைய தம்பி தங்கைகள் வேறு மொழியில் படித்து வீடு இரண்டாகக் கூடாது. அப்படியான வீடுகள் இருக்கின்றன, அவற்றுக்கு அது பெரிய உதவி. எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. தங்கைக்கு வழி தேடி அண்ணாவுக்குச் சிரமம் கண்டுபிடிக்கப்பட்டது.

அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. அம்மாவிடம் ஒரு சாட்சி இருந்தது. தொலைக்காட்சியில் சனிக்கிழமைகளில் ஐஸ் ஹொக்கி காட்டுவார்கள். அண்ணா அதைத் தரையில் இருந்து பார்ப்பார். அடுத்த நாள் குளிக்கப் போனால், தண்ணீரைத் திறந்துவிட்டு, வர்ணனையாளரின் குரலில் பிரெஞ்சில் ஒரு முழு ஆட்டத்தையே சொல்லிக்கொண்டிருப்பார். நான் கதவில் காதை வைத்துக் கேட்பேன். ஒரு சொல்கூடப் பிசகாது. கோல் விழுந்தால் மட்டும் குரலை அடக்கிக்கொண்டு கத்துவார்.

"இஞ்சேருங்கோ, வந்து ஒருக்கா கேளுங்கோ" என்று அம்மா அப்பாவைக் குளியலறை வாசலுக்குக் கூட்டிவந்தார். "இவனுக்கா மொழி ஏறேல்லை எண்டுறியள்?"

அப்பா கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "கிளியும் திருப்பிச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அதை நம்ப வேண்டிய தேவை அவருக்கு இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணாவை ஓர் உளவியலாளரிடம் கூட்டிப்போனார்கள். மாமா மொழிபெயர்க்கப் போனார். அங்கே இருந்தவர் அன்பானவர் என்றும், அண்ணாவுக்கு இனிப்புக் கொடுத்தார் என்றும் அப்பா சொன்னார். படங்களை அடுக்கச் சொன்னார்களாம், கதை சொல்லச் சொன்னார்களாம், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்களாம். தெரியாத ஓர் அறையில், தெரியாத மனிதர் முன்னால், அண்ணா என்ன செய்திருப்பார் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முடிவு அதற்கேற்றபடி வந்தது. யாரும் பொய் எழுதவில்லை. அவர்கள் கண்டதை எழுதினார்கள். அவர் குளியலறைக்குள் கதைப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வசந்தம் பிறந்து, தெருவோரப் பனி கறுத்துக் கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை பிற்பகல், அண்ணாவின் வரவேற்பு வகுப்பு ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் அனைவரும் அவரை மடாம் என்பார்கள். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். சைக்கிளில் வந்து, அதைப் படிக்கட்டுக் கம்பியோடு பூட்டிவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். ஓர் ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதலும் கடைசியும். அம்மா அவசரமாகத் தேத்தண்ணி போட்டு, மீன் கட்லட் பொரித்தார். அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது, மடாமுக்கு ஆங்கிலம் சொற்பம். அதனால் என்னைக் கூப்பிட்டு இருவருக்கும் நடுவில் இருத்தினார்கள். எனக்கு அப்போது ஆறு வயது.

மடாம் மெதுவாக, சின்னச் சின்ன வசனமாகப் பேசினார். நான் தமிழில் சொன்னேன். உங்கள் மகனின் மூளையில் ஒரு குறையும் இல்லை. அவர் யுத்தத்திலிருந்து வந்த பிள்ளை, பயந்திருக்கிறார். இரண்டு கிழமையாக என்னோடு மட்டும் காதுக்குள் கதைக்கிறார். நேற்று ஒரு பக்கத்தை எனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தார். இப்போது அவரை எடுத்தால் மூன்றாவது மொழியில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். எனக்கு இன்னும் ஒரு வருடம் தாருங்கள்.

அப்பா கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "மடாமுக்கு நன்றி எண்டு சொல்லு. நல்ல மனம் எண்டு சொல்லு. ஆனால் எனக்கு ரெண்டு பிள்ளையள் எண்டும் சொல்லு."

நான் சொன்னேன். மடாம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என் முன்முடியை ஒதுக்கிவிட்டு அப்பாவிடம் ஏதோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு விளங்கியது, கேள்வி விளங்கவில்லை. கேட்டதை அப்படியே சொன்னேன்.

"அப்பா, மடாம் கேக்கிறா, இது சின்னவளுக்காகவோ எண்டு."

சமையலறையில் அம்மா அடுப்பை அணைத்தார். அண்ணா அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்காகவும் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

மடாம் தேத்தண்ணியை முழுவதும் குடித்து முடித்தார். கட்லட் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் கையால் காட்டினார். போகும்போது அண்ணாவுக்கு முன்னால் குனிந்து, தோளில் கை வைத்து, நீ என் நல்ல மாணவன் என்றார். அண்ணா எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி "மெர்சி, மடாம்" என்று நன்றி சொன்னார். வீட்டுக்கு வெளியாள் ஒருவரோடு அவர் வாய் திறந்து பேசியதை நாங்கள் கேட்டது அன்றுதான் முதல் தடவை. மடாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். அப்பா பல்கனியில் நின்று, சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மனம் மாறிவிடுமோ என்று அம்மா காத்திருந்தாராம். மாறவில்லை.

அனுமதி வந்தது, எங்கள் இருவருக்கும். அந்த இலையுதிர்காலத்திலிருந்து இரண்டு பேருந்துகளும் வரத் தொடங்கின.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் நன்றாகப் பிடித்துப்போனது. அப்பா வேலையால் வந்து, முகம் கழுவி, சமையலறை மேசையில் என்னோடு இருந்து ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார். அவர் முகம் அந்த ஒரு மணி நேரம் ஊரில் இருந்த அப்பாவின் முகமாக மாறும் என்று அம்மா சொல்வார். ஆசிரியர் கூட்டங்களில் அவர் இப்போது ஊமை இல்லை. கேள்வி கேட்பார், நகைச்சுவைகூடச் சொல்வார். அண்ணா, படிப்பில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கான விசேட வகுப்பில் இருந்தார்; சின்னப் பேருந்து அந்தப் பிள்ளைகளுக்கானது. அங்கே சின்னத் தொகை மாணவர்கள். முட்டை பொரிக்க, சட்டை மடிக்க, பேருந்து வழித்தடம் பார்த்துப் போக, முன்பின் தெரியாதவரிடம் நேரம் கேட்கப் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அது உண்மையிலேயே தேவையான பாடம். ஆசிரியர்கள் பொறுமைசாலிகள். மல்லாவியில் தண்ணீர் அள்ளி, விறகு பொறுக்கி, என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த அண்ணா, முட்டை பொரிக்கப் பழகினார். வீட்டில் ஆங்கிலம் வந்துவிட்டதால், குளியலறை வர்ணனையும் நின்றுபோனது. தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடும்போது எழுந்து அறைக்குள் போய்விடுவார். அவர் எப்போது நிறுத்தினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மற்றத் தமிழ்க் குடும்பங்கள் அம்மாவைக் கோயிலில் மடக்கிக் கேட்பார்கள், உங்கள் மகளுக்கு எப்படி ஆங்கிலப் பள்ளிக்கூடம் கிடைத்தது என்று. "கிடைச்சுது" என்று சொல்லிவிட்டு அம்மா பிரகாரத்தைச் சுற்றப் போய்விடுவார். காரணத்தைச் சொன்னால் மகனுக்கு ஊருக்குள் ஒரு பெயர் விழும். சொல்லாவிட்டால் பெருமை பிடித்தவள் என்ற பெயர் தனக்கு விழும். அம்மா தனக்கு விழுவதை ஏற்றுக்கொண்டார். ஆனால் இப்படியான செய்திகள் எத்தனை நாள் மூடிக் கிடக்கும். ஒரு பிறந்தநாள் விருந்தில், தன் பிள்ளைக்கு இடம் மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் இருந்த ஒரு பெண், எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"உங்களுக்கென்ன அக்கா. மகனுக்குச் சுகமில்லை, மகளுக்கு இடம் கிடைச்சிட்டுது. எங்களுக்கு ரெண்டும் சரியாப் பிறந்து தொலைஞ்சிட்டுதுகள்."

அண்ணாவுக்குப் பதின்மூன்று வயது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு முழம் தள்ளி, கேக் துண்டு வைத்த காகிதத் தட்டோடு நின்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்து, "சப்பாத்தைப் போடு, போவம்" என்றார். அம்மா அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். மூவரும் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு அம்மா பிறந்தநாள் விருந்துகளுக்குப் போவதை விட்டுவிட்டார். அப்பா மட்டும் போய் மொய் கொடுத்துவிட்டு வருவார்.

அண்ணாவுக்குப் பதினாறு ஆனபோது நானும் அதே உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். அந்த வருடம் அவருடைய வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் பெற்றோரைக் கூப்பிட்டார். அப்பா வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்து வந்தார். பள்ளி முடிந்திருந்ததால் நானும் மேசையின் ஓரத்தில் போய் இருந்தேன். ஆசிரியர் இளைஞர், சுற்றி வளைக்காமல் பேசினார். உங்கள் மகனைச் சில மாதங்களாகப் பார்க்கிறேன், இவர் இந்த வகுப்பில் இருக்க வேண்டியவர் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இவர்தான் உதவி செய்கிறார். மறுபடியும் பரிசோதித்துப் பார்ப்போம். சாதாரண வகுப்புக்கு மாறலாம், கொஞ்சக் காலம் பிந்தும், ஆனால் உயர்நிலைச் சான்றிதழ் எடுக்கலாம்.

அப்பாவின் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: மகனுக்குக் குறையில்லை என்று வந்தால், அந்த விலக்கு என்னவாகும்? மகளுடைய இடம் என்னவாகும்? சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள் என்று வானொலியில் சொல்கிறார்களே?

ஆசிரியர் திகைத்துப்போனார். அது எனக்குத் தெரியாது, சபையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அப்போதுதான் பன்னிரண்டு வயதில் முதல் தடவையாக எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது: வாசலுக்கு வந்த சின்னப் பேருந்து, கேக் தட்டு, மடாமின் கேள்வி.

மேசையின் மறுபக்கத்தில் இருந்த அண்ணா, "வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நான் இங்கேயே இருக்கிறேன். எனக்குப் பரவாயில்லை." ஆசிரியர் இன்னொரு முறை கேட்டார். அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றார். அண்ணா நாற்காலியை ஒழுங்காக மேசைக்குள் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார்.

காரில் அப்பா, "அவன்ர விருப்பம்" என்று மட்டும் சொன்னார். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது. வீட்டில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் கன்னத்தில் கை வைத்தார். "பிள்ளை, உனக்காகத்தான் கொண்ணன் வேண்டாம் எண்டிருக்கிறான். அதை மறந்திடாதை." நான் மறக்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் அந்த வசனத்தைச் சுமந்துகொண்டுதான் போனேன். ஒரு பாடத்தில் புள்ளி குறைந்தால் அண்ணாவின் முகத்தைப் பார்க்க மாட்டேன். என்னை முதலில் வாழ்த்துகிறவர் எப்போதும் அண்ணாதான். அது இன்னும் கஷ்டமாக இருக்கும்.

பதினெட்டு வயதில், வேலை செய்யத் தகுதியானவர் என்ற ஒரு பத்திரத்தோடு அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தார். அது உயர்நிலைச் சான்றிதழ் இல்லை. அதை வைத்துக் கல்லூரிக்குப் போக முடியாது. ஜான்-டலோன் சந்தையில் வயதான ஓர் இத்தாலியக்காரரின் காய்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்திய ஒரு கோடை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அவருக்குச் சொல்லாமல் சந்தைக்குப் போனோம். தூரத்திலேயே ஒரு குரல் கேட்டது. தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் நின்று, ஒருவர் அந்த ஊர்க்காரனைப் போலவே, மூக்கால் இழுத்து, பிரெஞ்சில் கூவிக்கொண்டிருந்தார். ஒரு கிழவி ஏதோ சொல்ல, அவர் திருப்பிச் சொன்னதற்குச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அது அண்ணா.

அப்பா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டார். நான் முன்னால் போகப் பார்த்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் வாங்காமல் திரும்பி நடந்தார். காருக்குள் ஏறித் திறப்பைப் போட்டார், காரை எடுக்கவில்லை.

"நல்லாக் கதைக்கிறான், என்ன?" என்றார்.

"ஓம் அப்பா."

அதைப் பற்றி அவர் வேறெதுவும் எப்போதும் சொன்னதில்லை. ரொறன்ரோவுக்குப் போகிற கதையும் அந்த வருடத்தோடு நின்றுபோனது. நான் ஆங்கிலத்தில் பல்கலைக்கழகம் முடித்தேன், சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வாழ்க்கை மொன்றியலிலேயே ஊன்றிக்கொண்டது. அப்பாவுக்கு இருதயம் பலவீனமானது. ஆஸ்பத்திரியில் தாதியர் பேசுவதை அண்ணா அவருக்குத் தமிழில் சொல்வார், அப்பா சொல்வதை அவர்களுக்குப் பிரெஞ்சில் சொல்வார். அப்பா அண்ணாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். சொல்ல எதுவும் இருந்திருந்தால் அந்த நாட்களில் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு, மனம் தாளாமல், எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். அன்று அண்ணா மறுபடியும் பரிசோதிக்கப்பட்டு, குறையில்லை என்று வந்திருந்தால், என் இடம் பறிபோயிருக்குமா? அவர் யோசித்தார். படிப்பின் நடுவில் இருக்கிற ஒரு பிள்ளையை வெளியே போடத் துணிவார்கள் என்று தான் நினைக்கவில்லை என்றார், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ஆசிரியர் கேட்டுச் சொல்வதாகச் சொன்ன பதிலை நாங்கள் ஒருவரும் கேட்டுப் போகவே இல்லை.

அந்தக் கிழமையே சந்தைக்குப் போனேன். புரட்டாதி மாதம், சிவப்பு மிளகாய்களின் காலம். அந்த இத்தாலியக்காரர் இப்போது இல்லை. அவருடைய மகள் கடையை நடத்துகிறார், அண்ணாதான் எல்லாம் பார்க்கிறார். கூட்டம் குறைந்த நேரம். அண்ணா பெரிய மிளகாய்களைத் துடைத்துத் துடைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று அடுக்க உதவினேன். பிறகு கேட்டேன்.

"அண்ணா, அண்டைக்கு அந்த ரீச்சரிட்டை வேண்டாம் எண்டது எனக்காகத்தானே?"

"ஆர் சொன்னது?"

"அம்மா."

அண்ணா சிரித்தார். "அம்மாவுக்கு அப்பிடி நினைச்சால் ஒரு ஆறுதல்."

"அப்ப எனக்காக இல்லையோ?"

"உண்மையைச் சொன்னால், அண்டைக்கு உன்னை நான் யோசிக்கவே இல்லை." கையிலிருந்த மிளகாயைத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தார். "எனக்குப் பயம்."

"என்ன பயம்?"

"திரும்பவும் பாத்துப்போட்டு, ஓம், முதல் சொன்னது சரிதான், இவன் அப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டால்? பாக்காமல் விட்டால், அவையள் பிழையாப் பாத்திட்டினம் எண்டு நானாவது நினைச்சுக்கொண்டிருக்கலாம்."

நான் ஒரு மிளகாயை எடுத்துக் கூடையில் வைத்தேன். அவருடைய தியாகத்தின் மேல்தான் நான் நிற்கிறேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது என்னை வருத்தியது, ஆனால் அதில் ஓர் அழகும் இருந்தது. ஓர் அண்ணா தங்கைக்காக விட்டுக்கொடுத்தார் என்று ஒருவருக்குச் சொல்லலாம். பதினாறு வயதுப் பையன் ஒருவன், எல்லாரும் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு நாற்காலியை மேசைக்குள் தள்ளினான் என்பதை யாரிடம் சொல்வது? அதை அப்பாவிடம் சொல்லவும் வழியில்லை. அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றுவரை சொல்லவும் இல்லை.

"இப்பவும் செய்யலாம் அண்ணா" என்றேன். "பெரியாக்களுக்கு வகுப்பு இருக்கு. உங்கட பிரெஞ்சுக்கு லேசா எடுத்துப்போடுவியள். முதல்ல ஒரு சோதினை வைச்சுப் பாப்பினம், எந்த வகுப்பில போடுறது எண்டு, அவ்வளவுதான்."

"ஒரு சோதினை" என்றார் அண்ணா.

ஒரு பெண் வந்து மிளகாய் உறைக்குமா என்று பிரெஞ்சில் கேட்டார். அண்ணா அவர் பக்கம் திரும்பி, ஒன்றைப் பிளந்து, விதையை உதறி, ஒரு துண்டை நீட்டினார். ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்தார். அவர் போன பிறகு இன்னொருவர் வந்தார், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. அண்ணா ஒரு பையில் எனக்கென்று மிளகாய்களைத் தெரிந்து போட்டு, அம்மாவுக்குக் கொடு என்று என் கையில் தந்துவிட்டு, மற்றவர்களைக் கவனிக்கப் போனார்.

அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. அந்தச் சோதனைக்கு அவர் இன்னும் போகவில்லை.